கம்பத்தில் கட்டிய சிவப்புத் துணி

தையல்காரியின் அண்ணன் ஒரு நாள் மின்கம்பத்தின் உச்சியில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

கீழே நின்ற அவருடைய வேலை ஜோடி கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கத்தினார்.

"ஸ்பேனரைக் காணோம். தேடுறேன்."

ஸ்பேனர் அவர் இடுப்பில்தான் தொங்கியது. பத்து மணிக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லி மின்வாரிய ஆபீஸ் உத்தரவு. ஆனால் கம்பத்துக்கு நேர் எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த கடையில் தங்கையின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் ஒரு கல்யாணப் பெண் போட்டுக்கொள்ள வேண்டிய உடுப்பு. நான்கு வயதில் வந்த காய்ச்சலில் தங்கைக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. அவளால் மெஷினை மிதிக்க முடியாது. மோட்டார்தான் அவளுக்குக் கால். கரண்ட் போனால் அந்தக் காலும் போய்விடும். மெஷின் நீளமாக ஓடினால் பக்கத் தையல், விட்டு விட்டு ஓடினால் கழுத்து என்று அண்ணனுக்குக் கம்பத்து மேலிருந்தே தெரியும். கழுத்து முடிந்தது, கை முடிந்தது, சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு ஸ்பேனர் "கிடைத்தது".

தங்கையிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை. எட்டு வருஷம் கழித்து அந்த ஜோடிதான் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டே உளறினார். "அன்னிக்கு அந்த ஸ்பேனர் கீழேருந்து என் கண்ணுக்கே பளபளன்னு தெரிஞ்சுது தங்கச்சி. கேட்டா என்னைக் கடிச்சுத் தின்னுடுவார்னு வாயை மூடிக்கிட்டேன்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் தெருவில் அவருக்குப் பேரே சிரிப்பு. அண்ணனுக்குப் பேர் கம்பத்தண்ணன். தங்கையைத் தவிர எல்லாரும், அவரைவிட மூத்த கிழவர்கள் உட்பட, அப்படித்தான் கூப்பிட்டார்கள். தங்கைக்கு அவர் வெறும் அண்ணன். அவருக்கு அவள், நாற்பத்தைந்து வயதிலும், பாப்பா.

அந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தால், யாரோ ஒரு வாரமாகத் தலை வாராமல் விட்ட மாதிரி இருக்கும். கரண்ட் கம்பி, தெருவிளக்குக் கம்பி, டெலிபோன் வயர், கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர், போதாததற்கு யாருடையது என்றே யாருக்கும் தெரியாத வயர்கள். அறுந்து தொங்குவதைச் சுருட்டிக் கம்பத்திலேயே மாட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சிக்கலுக்குள் எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அறிந்த ஒரே ஆள் கம்பத்தண்ணன். குழி தோண்டும் கூலியாக வந்து, ஏறக் கற்று, முப்பத்தோரு வருஷம் அதே தெருவில் ஏறி இறங்கியவர். அவருக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு.

"என் லைன்ல இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் பட்டதில்லை பாப்பா. ரிடையர் ஆகிற அன்னிக்கும் இதைச் சொல்லிட்டுத்தான் இறங்குவேன்."

அந்தப் பேரைக் காப்பாற்ற அவர் ஒரு வழி வைத்திருந்தார். சில கம்பங்களில் கரண்ட் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஒரு பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, செத்துவிட்டது என்று நம்பித் தொட்டால், மறுபக்கத்திலிருந்து வந்து அடிக்கும். அப்படிப்பட்ட கம்பங்களில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து அலுத்துப் போனார். கடைசியில் தங்கை கடைக்கு வந்து வெட்டுத் துணிக் கூடையைக் கிளறினார்.

"சிவப்பா, கெட்டியா ஒரு துணி குடு."

"எதுக்கு, சட்டை தைக்கவா? கூடையில கிடக்கிறது ரெண்டு விரல் அகலம்தானே?"

"கம்பத்துக்குத் தாவணி போடப் போறேன். குடுடி."

இரண்டு பக்கக் கரண்ட் உள்ள கம்பத்தில் நெஞ்சளவு உயரத்தில் சிவப்புத் துணி கட்டினார். மேலே கட்டவில்லை. "ஏறுறதுக்கு முன்னாடி கண்ணுல படணும். ஏறினப்புறம் பட்டு என்ன பிரயோஜனம்?" அவர் முடிச்சை அவரைத் தவிர யாராலும் அவிழ்க்க முடியாது. வெயிலில் வெளுத்தால் புதுத் துணி. பத்தொன்பது வருஷம், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, கூடையைக் கிளற வந்துவிடுவார். சிவப்புச் சட்டை தைக்க வருகிறவர்களிடம் தங்கை அரை முழம் சேர்த்தே துணி கேட்பாள்.

சிரிப்பும் அந்தத் துணிக்குப் பழகிவிட்டார். ஏறுவதற்கு முன் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். சிரிப்பு கம்பத்தைத்தான் பார்ப்பார். துணி இருந்தால் டெஸ்டர், கையுறை, தரைக்கம்பி என்று எல்லாம் வெளியே வரும். துணி இல்லையென்றால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடுவார். "அண்ணன் கட்டலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம். அவர் கண்ணைவிடவா இந்த டெஸ்டர் பெருசு?" அண்ணன் திட்டுவார். திட்டினாலும், உள்ளுக்குள் அவருக்கு அது இனித்தது என்பது தங்கைக்குத் தெரியும்.

அண்ணன் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது தெருவை அழகாக்கும் வேலை வந்தது. அகலமான நடைபாதை, வரிசையாக மரம், உட்கார பெஞ்சு, எல்லாக் கம்பிகளும் மண்ணுக்கு அடியில். வரைந்து ஒட்டியிருந்த படத்தில் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அந்தப் படத்தில் மனிதர்கள் எல்லாரும் நிமிர்ந்து நடந்தார்கள். தையல்காரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கடைக்கு இரண்டு படி. உயரமான படி. தினமும் காலையில் சுவரைப் பிடித்து, வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறுவாள். உள்ளே போனதும் மெஷின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி, "இன்னிக்கும் ஏத்தி விட்டியே சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியில் நூல் கோப்பாள். நடைபாதை வேலையைப் பார்த்துக்கொண்ட ஓவர்சியர் ஒரு நாள் அவள் ஏறுவதைப் பார்த்தார்.

"அம்மா, உங்க வாசலுக்கு ஒரு சரிவு போட்டுத் தரட்டுமா? படியே வேண்டாம், வழுக்கிக்கிட்டே உள்ளே போயிடலாம்."

நாற்பது வருஷத்தில் அவள் கேட்காமல் யாரும் அவளுக்கு எதையும் தருவதாகச் சொன்னதில்லை, அண்ணனைத் தவிர. அன்றைக்கு அவள் தைத்த பித்தான் துளைகளெல்லாம் கோணல்.

வேலை பாதியில் இருக்கும்போதே திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். கடைகள் இருந்த பக்கத்துக்கெல்லாம் நிலத்தடிக் கேபிள் வந்துவிட்டது, பழைய கம்பிகள் செத்துவிட்டன, திங்கட்கிழமை அவற்றை அறுத்து இறக்கிவிடலாம் என்று வரைபடம் சொன்னது. வரைபடம் சொல்லாதது ஒன்று இருந்தது. பின்சந்தில் இருந்த பத்து வீட்டுக்குப் புதுக் கேபிள் இன்னும் போகவில்லை. அவர்கள் இருட்டில் கிடக்கக் கூடாதென்று, புதுக் கேபிள் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பழைய கம்பியோடு தற்காலிகமாகக் கோத்திருந்தார்கள். அதனால் தையல்கடை முன்னால் இருந்த கம்பத்தில் கரண்ட் பின்னாலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கண்ணால் பார்த்தவர். வெள்ளிக்கிழமை காலையில் தங்கையின் கூடையிலிருந்து நல்ல சிவப்பாக ஒன்றை எடுத்து அந்தக் கம்பத்தில் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவர்சியர் வந்தார். சரிவுக்குச் சிமெண்டு போட்டு, பலகை பிரித்து, பார்க்கவே ஆசையாக இருந்தது. அவர் கம்பத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது கந்தல்? பெரிய அதிகாரி சரியா இங்கேதான் நின்னு போட்டோ எடுக்கப் போறார். உங்க சரிவுதான் முதல் போட்டோ. இதை எடுத்துடுங்க."

"அது எங்கண்ணன் கட்டினது சார். கரண்ட் இருக்குன்னு அடையாளம்."

"கரண்டா? எங்கே?" அவர் வரைபடத்தை விரித்தார். மூலையில் முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. "இதோ பாருங்க, இந்த லைன் செத்தே போச்சு. உங்கண்ணன் பழைய காலத்து ஆளு. வாசல் சுத்தமா இல்லைன்னா இந்தச் சரிவையே பேர்த்துட்டுப் போங்கம்பாங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

அவர் போன பிறகு அவள் போனைக் கையில் எடுத்தாள். கேட்டால் அண்ணன் வேண்டாம் என்பார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போனைக் கீழே வைத்தாள். பிறகு கடைக்குள் போய், துணி ஓரம் பிரியாமல் இருக்கப் பல் பல்லாக வெட்டும் கத்தரியை எடுத்து வந்தாள். சாதாரணக் கத்தரி சாணை பிடிக்கப் போயிருந்தது. முடிச்சை அவிழ்க்க முடியாதே, அதனால் முடிச்சின் இரண்டு பக்கமும் வெட்டினாள். துணி கையோடு வந்தது. முடிச்சு எங்கேயோ மண்ணில் விழுந்தது. அவள் தேடவில்லை. சிமெண்டு காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அண்ணனை, மேடை போடும் இடத்துக்கு விளக்கு இழுக்கச் சொல்லித் தெருவின் மறு கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பி அறுக்கச் சிரிப்பு வந்தார். பழைய பக்கத்து ஃபியூஸைப் பிடுங்கினார். கம்பத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கடைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, புதுப் பாதையெல்லாம் பலமா இருக்கு! இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாது போல!" என்றார்.

அவள் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். "துணி இருந்துச்சு" என்று இரண்டே வார்த்தை. ஆனால் அவள் நினைப்பில் அந்த முத்திரை இருந்தது, அந்தக் கையெழுத்து இருந்தது. படித்தவர்கள் போட்டது தப்பாகவா இருக்கும்? அவளும் சிரித்தாள். சிரிப்பு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஊசிக்குக் கீழே துணி சட்டென்று நின்றது. கரண்ட் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சிரிப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அந்தத் தெரு முழுக்க ஓடி வந்தார். ஏறியது, அவிழ்த்தது, தோளில் போட்டு இறக்கியது எல்லாம் அவர்தான். சிரிப்பை வண்டியில் ஏற்றிய பிறகு கம்பத்தின் அருகே போய், நெஞ்சளவு உயரத்தில் கையை வைத்துத் தடவினார். பிறகு குனிந்தார். தங்கை அதைக் கடைக்குள்ளிருந்து பார்த்தாள். கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

சிரிப்பு பிழைத்தார். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஆபீஸின் இரண்டாம் மாடி. அவள் கைப்பிடியைப் பற்றி முப்பத்திரண்டு படி ஏறினாள். அங்கே யாரும் சரிவு போட்டிருக்கவில்லை. அதற்கு முந்தின நாள் ஓவர்சியர் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "சுத்தம் பண்ணச் சொன்னது நான்னு எங்கேயும் எழுத்துல இல்லைம்மா. வெட்டினது உங்க கை. சொன்னீங்கன்னா போலீஸ் உங்களைத்தான் கூப்பிடும். யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இரவெல்லாம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்குத் தன்னைத்தான் தெரிந்ததே தவிர அண்ணனைத் தெரியவில்லை.

விசாரணை அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருந்தார். அண்ணனிடம் கேட்டார்.

"துணி கட்டினீங்களா?"

"கட்டினேன் சார். வெள்ளிக்கிழமை காலையில. என் கையால."

"அப்ப எங்கே போச்சு?"

அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டார். வெறுங்கையாகவே எடுத்தார். "தெரியாது சார்."

"தெரியாதுன்னா எப்படி? துணி இருந்து அதை யாரோ எடுத்திருந்தா கதையே வேற. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும். நீங்க கட்டவே இல்லைன்னா உங்க வேலை போயிடும். புரியுதா?" அவர் தங்கை பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கடை நேர் எதிரேதானே? திங்கக்கிழமை காலையில அந்தத் துணி இருந்துச்சா, இல்லையா? இல்லைன்னா, யார் எடுத்தாங்க?"

அண்ணன் அவளைப் பார்த்தார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சின்ன வயதில் அவள் முதன்முதலாகக் கம்பை விட்டுவிட்டு நாலு அடி நடந்தபோது எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்று பார்த்தாரே, அந்தப் பார்வை.

அந்த நொடியில் அவள் மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கடவுள் தைரியம் கொடுத்திருப்பார். கொடுக்காமல் இருக்க மாட்டார். அவள் கேட்கவே இல்லை.

"நான் கவனிக்கலை சார்" என்றாள்.

அண்ணன் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. அனுமதி இல்லாத அடையாளத்தைப் பழக்கப்படுத்தியது ஒரு குற்றம். விபத்தன்று அந்த அடையாளத்தை வைக்கத் தவறியது இன்னொரு குற்றம். துணி கட்டியதும் தப்பு, கட்டாததும் தப்பு என்று ஒரே தாளில் எழுதி, கீழே முத்திரையும் குத்தியிருந்தார்கள். ஓய்வுக்கு மூன்று மாதமும் சில நாட்களும் இருக்கையில் கம்பத்தண்ணன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். தெருவில் சிலர் அவரைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். சிலர் மாற்றாமல் அவர் காது படவே பேசினார்கள். "வயசாச்சு, மறந்திருப்பார். பாவம் அந்த சிரிப்பு."

சனிக்கிழமைகள் வந்தன, போயின. கூடையில் சிவப்புத் துணி குவிந்தது. அண்ணன் வரவில்லை. அவள் வீடு தேடிப் போனால், "வா, உட்காரு" என்பார், டீ போட்டுக் கொடுப்பார். பாப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் சிரிப்பு கடைக்கு வந்தார். இடது கையில் ஒரு பை. அதில் ஏழு சட்டை.

"எல்லாத்துலயும் வலது கையை வெட்டி மூடிடு தங்கச்சி. தொங்கினா குழந்தைங்க பிடிச்சு இழுக்குதுங்க."

அவள் அளவு எடுக்க வேண்டியிருந்தது. டேப்பை விரித்துவிட்டு மறுபடி சுருட்டினாள்.

"சும்மா அள, கூச்சமெல்லாம் இல்லை" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "உங்கண்ணன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்லிடு. மனுஷன்தானே, ஒரு நாள் மறந்துட்டார். ஆனா ஒண்ணு தங்கச்சி... பத்தொன்பது வருஷம் மறக்காத ஆளு."

ஏழு சட்டையையும் அன்றைக்கே தைத்துக் கொடுத்தாள். வெட்டிய ஏழு கைகள் கூடையில் கிடந்தன. அவற்றை எறியவும் முடியவில்லை, எதற்கும் உபயோகிக்கவும் முடியவில்லை.

திறப்பு விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள். கரண்ட் கம்பிகள் போய்விட்டன. ஆனால் டெலிபோன்காரர்கள் தங்கள் வயரை மாற்ற வரவில்லை. கேபிள்காரர்கள், டெலிபோன்காரர்கள் வரட்டும் என்று காத்திருந்தார்கள். அதனால் அந்தக் கம்பத்தின் தலையை மட்டும் வெட்டிவிட்டு, முண்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். சரிவில் இறங்குகிற ஒவ்வொரு சாயங்காலமும் தையல்காரி அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நெஞ்சளவு உயரத்தில் துணி கட்டிய இடம் மட்டும் அழுக்கு ஏறாமல் ஒரு வளையமாக வெளுத்திருந்தது.

கடைசியில் அண்ணன் வேறு ஊருக்கு, மகள் வீட்டோடு போவதாக முடிவானது. வண்டிக்குப் போகும் வழியில், காலையில், ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தார். அந்தச் சரிவில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மெதுவாக ஏறினார்.

"நல்லா ஏற முடியுதா?"

"ம்."

"மழையில வழுக்காதே?"

"இல்லைண்ணே. சொரசொரப்பாத்தான் போட்டிருக்காங்க."

தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மெஷின் பலகையில், ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சிவப்பு முடிச்சு. யாராலும் அவிழ்க்க முடியாத அந்த முடிச்சு. அதன் இரண்டு நுனியும் பல் பல்லாக வெட்டுப்பட்டிருந்தன. அந்தத் தெருவில் அப்படிப்பட்ட கத்தரி ஒன்றே ஒன்றுதான். அது அவள் மடியிலேயே கிடந்தது.

"இதை எப்பண்ணே நீ எடுத்தே?"

"அவனை வண்டியில ஏத்தின உடனே."

அப்படியென்றால் விசாரணை நடந்த அன்றைக்கும் அது அவர் பையில்தான் இருந்திருக்கிறது.

"ஏன் காட்டலை? காட்டியிருந்தா உன் வேலை..."

"நீ சொல்லுவேன்னு உட்கார்ந்திருந்தேன்."

அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள். எழுந்திருக்க ஒரு பக்கம் ஊன்ற வேண்டும், அதற்குள் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டுவிட்டார். வாசலில் நின்று, வழக்கம்போல, முதலில் மேலே பார்த்தார். அங்கே பார்ப்பதற்கு அவருடையது எதுவும் இல்லை. பிறகு திரும்பி, கோபமில்லாத குரலில் சொன்னார்.

"இனிமே இந்தத் தெருவில கரண்ட் போகாது. நீ தை."